பதினான்கு மாதங்கள் எங்களோடு இருந்தவள்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையின்போது, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதம் இருப்பாள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பதினான்கு மாதம் இருந்தாள். அந்த நாட்களில் நான் ஆண்டவரிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டேன். அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இது பொய்யாகிவிடும்.

நாங்கள் மட்டாஞ்சேரியில் இருக்கிறோம். என் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே மிளகுக் கிடங்கு ஒன்றில் வேலைக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, மலையாளத்தில் படித்து, தமிழில் ஜெபம் பண்ணி வளர்ந்தவள். என் கணவருக்கு வல்லார்பாடத்துக் கன்டெய்னர் முனையத்தில் கிரேன் பழுதுபார்க்கும் ஷிப்ட் வேலை. நான் பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் துணி வெட்டுகிறேன். மே மாதம் வந்தால் கடை நிறையப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். தோளைத் தொட்டு, முதுகைத் திருப்பி, நாளெல்லாம் அளவெடுப்பேன். மற்றவர்களுக்கு அது சீசன். எனக்கு அது வருஷத்திலேயே கடினமான மாதம்.

இரண்டு முறை எனக்குக் கரு தங்கியது. இரண்டு முறையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அதன்பின் அதுவும் இல்லை. எங்கள் தமிழ்ச் சபை சிறியது. காலையில் மலையாள ஆராதனை எல்லாம் முடிந்து, சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் ஆலயம் எங்களுக்குக் கிடைக்கும். சின்ன சபை என்பதால் எல்லோருக்கும் எல்லோருடைய வயிறும் தெரியும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். “கர்த்தர் உனக்குன்னு ஒரு திட்டம் வச்சிருக்காரு, பாரேன்.” அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வருவேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க, என் திட்டத்தை எனக்கு முன்னால் ஊருக்கெல்லாம் காட்டிவிட்டாரா என்று எரிச்சலாக இருக்கும்.

இல்லங்களில் வளரும் குழந்தைகளை விடுமுறைக்குத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள விரும்பும் குடும்பங்கள் விண்ணப்பிக்கலாம் என்று மலையாளப் பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. அதை முதலில் பார்த்தவர் என் கணவர்தான். கத்தரித்துச் சட்டைப்பையில் நான்கு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் காலையில் சாயா குடிக்கும்போது எடுத்து மேசையில் வைத்தார்.

“வேண்டாம்னா சொல்லு. விட்டுடலாம்.”

படித்துப் பார்த்தேன். “ரெண்டு மாசம் கழிச்சுத் திருப்பி அனுப்பணுமே.”

“ரெண்டு மாசம் நம்மகிட்ட இருக்கும்ல” என்றார்.

விண்ணப்பித்தோம். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து வீட்டைப் பார்த்தார், அக்கம்பக்கத்தில் விசாரித்தார், எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். மலையாளிதான், ஆனால் தமிழ் நன்றாகப் புரியும் அவருக்கு. குழந்தையின் அம்மாவுக்கு மனநோய் என்றும், வேறு மாவட்டத்தில் சிகிச்சையில் இருக்கிறாள் என்றும் சொன்னார். அப்பா விட்டுப் போய் வருஷங்களாகிவிட்டன. அம்மா பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் என்பதால்தான் தமிழ் பேசுகிற வீடாகத் தேடினார்களாம். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொன்னார்: “பிள்ளையோட மதத்துல நீங்க கை வைக்கக்கூடாது. அவங்க அம்மா கோயிலுக்குப் போறவங்க.” சரி என்றோம்.

அவளை நாங்கள் குட்டி என்றே கூப்பிட்டோம். தமிழிலும் மலையாளத்திலும் பொருந்துகிற பேர். ஒரு துணிப்பையோடு வந்தாள். காலில் இரண்டு அளவு பெரிய செருப்பு. கழுத்தில் கறுப்புக் கயிறு. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றபடியே, “என்னைக்கு திரும்பிப் போகணும்?” என்று கேட்டாள். பள்ளி திறக்கும்போது என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

முதல் வாரம் தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைத்தாள். எறும்பு வந்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தது. என் கணவர் திட்டவில்லை. மூடி இறுக்கமான டப்பா ஒன்றை வாங்கிவந்து, நிறைய பிஸ்கட் போட்டு, “இது உன்னோடது. எறும்பு நுழையாது” என்று கொடுத்தார். அன்றிலிருந்து அவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். அவர் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டால் இவள் துணி பிடிப்பாள். அவர் மீன் கழுவினால் இவள் பூனைகளை விரட்டுவாள். பேச்சு அதிகமில்லாத என் கணவர், அந்தப் பிள்ளையிடம் கிரேன் எப்படிக் கன்டெய்னரைத் தூக்குகிறது என்பதைத் தீப்பெட்டிகளை வைத்து விளக்குவதைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் நின்றிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தினமும் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அவளைக் கூப்பிடமாட்டோம். உள்ளே போய் விளையாடச் சொன்னாலும் போகமாட்டாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நாங்கள் முடிக்கும் நேரத்தில் கேட்டாள்.

“இங்க எங்க அம்மா காரியம் பறயலாமா?”

“சொல்லலாம்” என்றார் என் கணவர்.

அவள் கண்ணை மூடவில்லை. எங்களைப் பார்த்தே சொன்னாள். “எங்க அம்மாக்கு சுகமாகணும். அம்மா வந்து என்னைக் கூட்டிட்டுப் போகணும். அவ்வளவுதான்.”

ஆமென் என்றோம். மனதாரத்தான் சொன்னேன். அது ஏப்ரல் மாதம்.

பள்ளி திறக்கும் நேரம் வந்தபோது, குழந்தைகளின் விஷயத்தைத் தீர்மானிக்கும் குழுவிடமிருந்து கேட்டார்கள். அம்மாவின் உடல்நிலை இன்னும் சரியாகவில்லை, இல்லத்துக்குத் திரும்புவதைவிடப் பிள்ளை உங்களோடு இருந்தால் நல்லது, இன்னும் கொஞ்ச காலம் வைத்துக்கொள்ள முடியுமா என்றார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கக்கூட இல்லை. முடியும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அந்த ஜூன் மாதம் என் கையால் அவளுக்குச் சீருடை வெட்டித் தைத்தேன். மடிப்பைத் தாராளமாக விட்டேன், அடுத்த வருஷம் இறக்கிவிடலாம் என்று. கடையில் மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வெட்டியபோதெல்லாம் தோன்றாத ஒன்று அன்று தோன்றியது. ஆண்டவர் இதற்காகத்தான் என்னை இத்தனை வருஷம் காக்கவைத்தார்.

ஆலயத்துக்கு அவளும் வருவாள். வீட்டில் தனியாக விட முடியாது என்று மேடத்திடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். சபையார் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அறுவடைப் பண்டிகைக்கு நான் எழுந்து சாட்சி சொன்னேன். பதினாறு வருஷம் காத்திருந்தேன், என் விண்ணப்பத்தைக் கர்த்தர் கேட்டார், அவருடைய திட்டம் தாமதமானாலும் தவறாது என்றேன். பல பெண்கள் அழுதார்கள். குட்டி பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா உயிரோடு ஒரு மருத்துவமனையில் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தது அன்று என் ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தாலும் நான் அதை எண்ணிப் பார்த்திருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஏழு மணி ஜெபத்தில் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது. குட்டி தினமும் அதையே சொல்வாள். ஒரு வார்த்தை மாறாது. அவள் முடித்ததும் என் கணவர் ஆமென் சொல்வார். நான் உதட்டை மட்டும் அசைப்பேன். துணி வெட்டும்போதும், பேருந்துக்கு நிற்கும்போதும் எனக்கென்று வேறொரு ஜெபம் ஓட ஆரம்பித்தது. அந்தப் பெண் சாக வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டது அதைவிட நாசூக்கானது. அவள் நன்றாக இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடட்டும், நல்லவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் அங்கேயே இருக்கட்டும். ஒரு தாய்க்குச் சுகம் வரக்கூடாது என்பதை இத்தனை மரியாதையாகக் கேட்க முடியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

என் கணவரிடம் சொல்லவில்லை. அவரும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த பிப்ரவரியில் மேடம் போன் பண்ணினார். குரலில் சந்தோஷம். “நல்ல விசேஷம் உண்டு. அம்மாவுக்கு நல்லா பேதமாயிட்டுண்டு, சுகமாயிட்டாங்க. ஆறு மாசமா ஒரு பிரச்சனையும் இல்ல. இப்ப ஆஸ்பத்திரி அடுக்களையிலயே வேலை பார்க்கறாங்க. பிள்ளையைப் பார்க்கணும்னு கேக்கறாங்க.”

“ரொம்ப சந்தோஷம் மேடம்” என்றேன். போனை வைத்துவிட்டு வெட்டிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தேன். இரண்டு இடது கை வெட்டி வைத்திருந்தேன்.

முதல் சந்திப்பு அலுவலகத்தில் நடந்தது. அந்தப் பெண் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிச் சீவிய தலை, நெற்றியில் குங்குமம். மாத்திரையின் காரணமாக விரல்கள் லேசாக நடுங்கின. அதை மறைக்க முந்தானையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். குட்டி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக நடந்துபோய், அம்மாவின் நடுங்கும் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள். நான் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாவது முறை அந்தப் பெண்ணை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னார்கள். ஞாயிறு மதியம். கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் வாங்கிவந்த நேந்திரங்காய் வறுவலைத் தட்டில் கொட்டி, மூவரும் சாப்பிட்டோம். இரண்டு மணிக்கு, “கொஞ்சம் காத்தோட்டமா இவளக் கூட்டிட்டு போர்ட் கொச்சி வரைக்கும் போயிட்டு வரவா அக்கா? நாலுக்குள்ள வந்துடறேன்” என்று கேட்டாள். அனுமதி இருந்தது. அனுப்பினேன்.

நான்கு மணிக்கு ஆராதனை. நான் போகவில்லை, வாசலில் நின்றேன். நாலரை ஆயிற்று. அவளுடைய போன் எடுக்கப்படவில்லை. ஐந்துக்குக் கதவைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். கடற்கரை நடைபாதை நெடுகப் பார்த்துக்கொண்டே போனேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு சிவப்புப் பாவாடையும் குட்டியாகத் தெரிந்தது. வழியெல்லாம் நான் ஜெபம் பண்ணினேன், அந்த நாசூக்கான ஜெபம் இல்லை. பிள்ளை கிடைத்தால் போதும் என்று மட்டும்.

நடைபாதையின் கோடியில், சிமென்ட் பெஞ்சு ஒன்றில் இருந்தார்கள். அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். தலை மார்பில் தொங்கியிருந்தது. குட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் கைப்பையை மடியில் கட்டிப்பிடித்திருந்தாள். அம்மாவின் கழன்ற செருப்பைத் தன் காலால் மிதித்து வைத்திருந்தாள், யாரும் எடுத்துவிடாதபடிக்கு. என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்தாள்.

“எழுப்பண்டா ஆன்ட்டி. அம்மா உறங்குறா.”

“எவ்வளவு நேரமா?”

“குறே நேரமா. ரெண்டு கப்பல் போயாச்சு.”

“பயந்துட்டியா?”

“எனக்கு பேடி ஒண்ணும் இல்ல.” பயத்தை அவள் எப்போதும் பேடி என்றுதான் சொல்வாள். “நான் இருக்கேன்ல.”

பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அடுத்த எண்ணம் வந்தது. வியாழக்கிழமை மேடம் வருகிறார். அம்மா எப்படி நடந்துகொள்கிறாள் என்று கேட்பார். கூட்டத்தின் நடுவே, தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில், எட்டு வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தூங்கிய அம்மா. ஒரு வாக்கியம் போதும். நான் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மாதக்கணக்காகக் கேட்டது என் கையில் வந்து விழுந்திருந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பெரிய நிம்மதி உள்ளே பரவியது நிஜம். அதை நினைக்க இன்றும் உடம்பு கூசுகிறது.

அவள் தானாகவே விழித்தாள். முதலில் பிள்ளையைத் தேடி, பிறகு என்னைப் பார்த்து, பிறகு வெளிச்சத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். குட்டி நடுவில், ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேருந்து நிறுத்தம் வந்ததும் பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு முன்னால் மிட்டாய் பார்க்க விட்டுவிட்டு, அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மதிய மாத்திரை போட்டா தூக்கம் வரும் அக்கா. போடாம வந்துடலாமான்னு நெனச்சேன். போடாம விட்டா திரும்ப அந்த நெலமைக்குப் போயிருவேனோன்னு பயம். போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“சரி, விடுங்க” என்றேன்.

“விடக்கூடாது. மேடத்துக்கிட்ட நீங்க சொல்லிடுங்க. நான் சொன்னா பாதிய முழுங்கிடுவேன். நீங்க நடந்தத நடந்தபடி சொல்லுங்க.”

“சொன்னா, பிள்ளையைத் தரமாட்டாங்க.”

“தெரியும்.” அவள் பெட்டிக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். “ஆஸ்பத்திரில எனக்குப் புத்தி தெளிஞ்ச அன்னைக்கு, அவ எங்க இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. அங்க ஒரு சின்ன அம்மன் படம் வச்சிருப்பாங்க. அங்க நின்னு நான் ஒண்ணுதான் கேட்டேன். நான் எழுந்து வர்ற வரைக்கும் அவள நல்ல கைல வைய்யி தாயே. தினம் அதேதான் கேட்டேன். அப்புறம் மேடம் உங்க வீட்டப் பத்தி சொன்னாங்க. டப்பா நெறைய பிஸ்கட் வாங்கிக் குடுத்தாராமே உங்க வீட்டுக்காரர். அதக் கேட்டு அன்னைக்கு நான் எப்படி அழுதேன் தெரியுமா?”

அவளுக்குப் பேருந்து வந்தது. குட்டியின் தலையில் கைவைத்துவிட்டு ஏறிப்போனாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். சபை நடுவே எழுந்து, என் ஜெபத்துக்குப் பதில் இந்தப் பிள்ளை என்று சொன்னவள் நான். அந்தப் பேருந்து நிறுத்தத்தில் எனக்குப் புரிந்தது வேறு. ஜெபம் கேட்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால் அது என் ஜெபம் இல்லை. பெற்றவள் ஒருத்தி கேட்டாள், அவளுக்குக் கிடைத்த பதில்தான் நாங்கள். அவள் அம்மன் படத்தின் முன்னால் நின்று கேட்டதை என் ஆண்டவர் கேட்டார் என்று நான் நம்புகிறேன். இதைச் சபையில் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

நல்ல வெளிச்சம் கிடைத்ததுபோல் இதை எழுதுகிறேன். அன்று அப்படி இருக்கவில்லை. குட்டி வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் நடந்தேன்.

மறுநாள் காலை கணவரிடம் கடற்கரையில் நடந்ததைச் சொன்னேன். அவர் சாயாவைக் குடிக்காமல் கேட்டார்.

“அவளே சொல்லச் சொன்னாள்ல? அப்போ சொல்லிடு. உள்ளதுதானே.”

“சொல்லத்தான் போறேன். மாத்திரை விஷயத்தையும் சொல்லணும். மறைக்காதீங்கன்னு அவளே சொன்னதையும் சொல்லணும்.”

“அது எதுக்கு? அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொன்னா போதும்.”

“பாதி உண்மைய வச்சு ஒரு பிள்ளைய நாம வச்சுக்கணுமா?”

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது சில முறைதான். “உனக்கு அவ போகணும். அதான” என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் சொன்ன ஆகக் கொடுமையான வார்த்தை அது. சொன்ன உடனே அவர் முகமே மாறிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு, நேரமாவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிப் போனார். அன்றைக்கு என் ஜெபத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கும் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை மேடம் வந்தார். முழுவதையும் சொன்னேன். எத்தனை மணிக்குப் போனார்கள், எங்கே கண்டுபிடித்தேன், எவ்வளவு நேரம் தூங்கினாள், பிள்ளை எப்படிக் காவல் இருந்தாள் எல்லாம் சொன்னேன். பிறகு மாத்திரையைப் பற்றியும், பேருந்து நிறுத்தத்தில் அவள் பேசியதையும் சொன்னேன். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “இதை நீங்க சொல்லியிருக்க வேண்டியதில்லையே” என்றார். எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

டாக்டர் மாத்திரையின் நேரத்தை மாற்றினார். குழு இன்னும் இரண்டு மாதம் கவனித்தது. குட்டியின் அம்மாவுக்குப் பாலக்காட்டில், அவளுடைய அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மாணவிகள் விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. ஜூன் தொடக்கத்தில், பள்ளி திறந்து முதல் வாரத்திலேயே, பிள்ளையை அம்மாவிடம் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

குட்டி போகும் நாளை நான் பலவிதமாகக் கற்பனை பண்ணியிருந்தேன். அழுவாள், என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், போகமாட்டேன் என்பாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். எர்ணாகுளம் ஸ்டேஷனில் ரயில் நின்றதும் எல்லோருக்கும் முன்னால் ஏறி, சன்னல் ஓரத்து இடத்தைப் பிடித்து, “அம்மா, இங்க வா, இங்க வா” என்று கத்தினாள். பதினான்கு மாதத்தில் ஒருமுறைகூட அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிடச் சொன்னதில்லை. அந்த வார்த்தை அவள் வாயில் எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதை அன்றுதான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

என் கணவர் சன்னல் கம்பி வழியாக அவளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். “அங்கிள், நீங்க பாலக்காடு வரணும்” என்றாள். “வர்றேன்” என்றார். அவளுடைய அம்மா கீழே இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து ஏதோ சொல்ல முயன்றாள். ரயில் ஊதிவிட்டது. ஏறிக்கொண்டாள். குட்டி கை காட்டினாள். பெட்டி தாண்டிப் போவதற்குள்ளேயே அவள் தலை உள்பக்கம் திரும்பிவிட்டது.

இது ஒரு விசித்திரமான துக்கம். சாவு இல்லை. அதனால் யாரும் வீட்டுக்கு வந்து உட்காரவில்லை, அடுப்புப் பற்றவைக்க வேண்டாம் என்று சோறு கொண்டுவரவில்லை. நல்லதுதானே நடந்தது, அம்மாவும் பிள்ளையும் சேர்ந்தார்கள் என்றார்கள். நல்லதுதான். நல்லது நடந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் சாப்பிட்டோம். ஆலய வாசலில் ஓர் அம்மா, “கவலப்படாத, கர்த்தர் உனக்கு இதைவிட நல்லதா ஒண்ணு வச்சிருப்பாரு” என்று சொன்னபோது, “இதைவிட நல்லதா எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தார்கள். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன்.

என் கணவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஞாயிறு நான்கு மணிக்கு நான் கிளம்பும்போது அவர் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார். ஏழு மணி ஜெபத்துக்கு மட்டும் உட்காருவார், வாய் திறக்கமாட்டார். ஒருநாள் அந்த ஜெபத்தின்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குச் சுகம் வரக்கூடாது என்று எத்தனை மாதம் கேட்டேன் என்பதைச் சத்தமாகவே, அவர் கேட்க, ஆண்டவரிடம் சொன்னேன். முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாள்முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

“உன்ன அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார்.

“பரவால்ல.”

“ஆண்டவர் கணக்கு எனக்குப் புரியல. கோவமாத்தான் இருக்கு.”

“எனக்கும் புரியல” என்றேன். “கோவத்தோடயே வாங்க.”

அடுத்த ஞாயிறு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இன்றும் அங்கேதான் உட்காருகிறார்.

ஆண்டவருடைய சித்தத்தை ஏற்றுக்கொண்டாயா என்று யாராவது கேட்டால், ஆம் என்றுதான் சொல்வேன். ஆனால் அது ஒருநாள் உட்கார்ந்து எடுத்த முடிவு இல்லை. மே மாதம் கடையில் அளவெடுக்கும்போது ஒருமுறை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இன்னொரு முறை. அடுத்த விடுமுறைக்கு வேறொரு குழந்தையை அனுப்பட்டுமா என்று மேடம் கேட்டார். எங்களால் முடியவில்லை. எங்களைவிடப் பலமான ஆட்களாக இருந்திருந்தால் சரி என்றிருப்பார்கள்.

குட்டி முதலில் வாரம் ஒருமுறை போன் பண்ணினாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஒரு வருஷம் அவளுடைய அம்மாவுக்கு மறுபடியும் நோய் முற்றி, ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்தாள். பிள்ளையைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் சரியான பிறகுதான் தெரிந்தது. நாங்கள் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லையே என்று இரண்டு நாள் வலித்தது. பெரியம்மா இருக்கும்போது எங்களை எதற்கு நினைக்க வேண்டும் என்று பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, குட்டியும் அவள் அம்மாவும் எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரைப் பார்க்க வந்தார்கள். வேலை முடிந்ததும் வாட்டர் மெட்ரோ படகில் ஏறி மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்டார்கள். வாசலில் அவளைப் பார்த்ததும் என் கண் பழக்கதோஷத்தில் அளவெடுத்தது. என்னைவிட உயரம். பத்தாம் வகுப்பாம். “ஆன்ட்டிக்கு சுகமா?” என்று விருந்தாளி மாதிரி கேட்டாள். என் கணவர் கரிமீன் வாங்கப் போய், தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கிவந்தார்.

சாப்பிட்டதும் அவள் கூடத்தில் ஃபேனுக்கு அடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். நானும் அவளுடைய அம்மாவும் அடுக்களையில் பாத்திரம் கழுவினோம். அந்தப் பெண்ணின் விரல் இப்போதும் நடுங்குகிறது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் துடைத்தாள்.

“உங்களுக்காகவும் வேண்டிக்கறேன் அக்கா, தினமும்” என்றாள்.

“என்ன வேண்டிக்கிறே?”

அவள் வெட்கப்பட்டாள். “என்ன கேக்கறதுன்னு தெரியல. பேர மட்டும் சொல்லிட்டு வந்துடுவேன்.”

மூன்றரைக்குக் கிளம்பினார்கள். என் கணவர் படகுத்துறை வரை கூடப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு, மிச்சமிருந்த மீனை மூடிவைத்து, ஆராதனைக்குப் போகப் புடவை மாற்றினேன்.